‘சர்வீஸ் பண்ணியாச்சு’ என்றால் போதுமா? - ஓர் ஐஸ் மைதானத்தின் கதை

2017 அக்டோபர் 17. கனடாவின் ராக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் ஃபெர்னி என்ற சிற்றூர். அங்குள்ள ஐஸ் மைதானத்தின் இயந்திர அறையில் அதிகாலையில் அலாரம் அடித்தது. அம்மோனியா கசிவு! இயந்திரம் நிறுத்தப்பட்டது. அன்று பகலில் அங்கே வேலை பார்த்த மூன்று பேர் வீடு திரும்பவில்லை. இருவர் நகராட்சி ஊழியர்கள். ஒருவர் குளிர்சாதன மெக்கானிக்.

அந்த ஊர்ப் பக்கம் ஐஸ் மைதானம் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லை. நம்மூர் கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி எல்லோருக்குமான இடம். பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி மட்டையோடு வருவார்கள். பெரியவர்கள் கர்லிங் ஆடுவார்கள். கனமான கல்லைப் பனித்தரையில் வழுக்கவிட்டு இலக்கில் நிறுத்தும் ஆட்டம் அது.

பனி எப்படி உருகாமல் இருக்கிறது? தரைக்கு அடியில் வரிசையாகக் குழாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாத உப்புக்கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கரைசலைக் குளிர வைப்பது அம்மோனியா. இரண்டும் ‘சில்லர்’ என்ற உருளைக்குள் சந்திக்கும். ஆனால், கலக்காது. நடுவில் இருப்பது மெல்லிய இரும்புக் குழாயின் சுவர் மட்டும்தான்.

அந்தச் சுவர் அரித்துவிட்டால்? வெளியே ஒன்றும் தெரியாது. பனி அப்படியே பளபளக்கும். பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருப்பார்கள். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 300 பங்கு அம்மோனியா இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்.

அதனால்தான் பயிற்சி பெற்ற மெக்கானிக் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கம்ப்ரஸர் ஆயிலைச் சோதிப்பார். பாதுகாப்பு வால்வுகளுக்கு மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று பார்ப்பார். கேஸ் அலாரம் வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பார். முக்கியமாக, உப்புக்கரைசலில் கொஞ்சம் எடுத்து அம்மோனியா கலந்திருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்புவார். நமக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, இயந்திரத்துக்கு அது அப்படி.

ஃபெர்னியில் அந்தச் சோதனை நடக்கவில்லையா? நடந்தது. அதுதான் இந்தக் கதையின் வேதனை.

அந்த மாகாணத்தின் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து, 2018-ல் அறிக்கை வெளியிட்டது. கர்லிங் தளத்துக்கான சில்லரில், ஒரு குழாயின் வெல்டிங் இணைப்பில் சின்ன ஓட்டை. கரைசலில் அம்மோனியா கலந்திருப்பது அந்த ஆண்டு வசந்த காலத்திலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. ஆனாலும், புது சீசனுக்கு அதே சில்லரைத்தான் ஓட்டினார்கள். அதற்கு வயது 31. 2013-லேயே மாற்றத் திட்டமிட்டு, பிறகு தள்ளிப்போட்டிருந்தார்கள். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அம்மோனியா கரைசல் குழாய்களுக்குள் சேர்ந்து, அழுத்தம் ஏறி, ஓர் இணைப்பு கழன்றது. அறை முழுவதும் நச்சு வாயு.

சோதனை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ரிசல்ட் வந்த பிறகு நடக்கவேண்டியதுதான் நடக்கவில்லை.

டெஸ்ட் எடுத்துவிட்டு, ‘சர்க்கரை கொஞ்சம் அதிகம்’ என்ற ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அபார்ட்மென்ட் லிஃப்ட் ரோப்பை மாற்றச் சொல்லி மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு, ‘அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாம்’ என்று ஃபைலுக்குள் தூங்குவதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நிறுத்த யாருக்கும் மனசு வருவதில்லை.

சர்வீஸ் முடிந்து மெக்கானிக் கிளம்பும்போது, பில் தொகையோடு இன்னும் மூன்றைக் கேட்டு வாங்குவது நல்லது. எதை மாற்ற வேண்டும்? எப்போதைக்குள்? அதுவரை ஓட்டலாமா, கூடாதா?

‘கூடாது’ என்று பதில் வந்தால், அன்றைக்கே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஒரு சீசன் ஆட்டம் போனால் அடுத்த சீசன் வரும்.