நான்காவது பையன்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியதும், நாலு நாள் தாத்தா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று பேரனைச் சென்னையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். ஊரடங்கு வந்தது. பையன் இங்கே திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டான். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் அது கெட்ட காலம். பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் மலை சுற்றிய ஆள் நான். கிரிவலத்துக்குத் தடை என்று ஒவ்வொரு மாதமும் கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு வரும். மாடியில் நின்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே வந்தால், கூடத்தில் பேரன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு "பின்னாடி பாருடா, அடிக்கிறான், அடிக்கிறான்" என்று கத்திக்கொண்டிருப்பான். பப்ஜி.

ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்குப் போனைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து உட்கார்ந்து, "நீ புடுங்கும்போது என்ன நடந்துச்சு தெரியுமா தாத்தா? ஃப்ரெண்டு கீழ விழுந்து கெடந்தான். நான் தூக்கறதுக்குள்ள செத்துட்டான்" என்றான். என்னடா தூக்குவது, காட்டு என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

விளையாட்டு இதுதான். விமானத்திலிருந்து 100 பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதிக்கிறார்கள். கையில் கத்திகூடக் கிடையாது. இறங்கும் வீடுகளில் கிடைக்கிற துப்பாக்கி, தலைக்கவசம், பை, கட்டுத்துணி இவற்றைப் பொறுக்கிக்கொண்டு பிழைக்க வேண்டும். தோசைக்கல் மாதிரி ஒரு தவா கிடைக்கும். அதை இடுப்பில் மாட்டினால் பின்னாலிருந்து வரும் குண்டைத் தடுக்கும்! பொச்சிங்கி என்று அங்கே ஓர் ஊர். "போச்சிங்கியா, வந்துச்சிங்கியா" என்று நான் கேலி செய்வேன். அங்கே இறங்கியவன் பாதிப்பேர் போனதுதான்.

தீவு 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். 64 சதுர கிலோமீட்டர் என்று நான் கணக்குச் சொன்னதும் பேரன் நிமிர்ந்து பார்த்தான். சர்வே இலாகாவில் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவனிடம் வரைபடத்தைக் காட்டினால் விடுவேனா? ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றால் உடம்பில் உள்ள நூறு மெதுவாகக் குறையும்; கடைசி வட்டங்களில் மெதுவாக அல்ல, சில நொடியில் ஆள் காலி. பையன்கள் எல்லோரும் வட்டத்தின் நடுவுக்கு ஓடுவார்கள். அடுத்த வட்டம் நடுவில்தான் விழும் என்று யார் சொன்னது? "ஓரத்துல நில்லுடா, வெளிப்பக்கம் எவனும் ரொம்ப நேரம் உயிரோட இருக்க முடியாது, உன் முதுகு பத்திரம்" என்றேன். இன்னொன்று, மேட்டின் உச்சியில் நிற்கக் கூடாது. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றுதான் நாங்கள் கொடிக்கம்பை உச்சியில் நடுவோம். உச்சிக்கு ஓர் ஆள் உயரம் கீழே படுத்துக்கொண்டு எட்டிப்பார். இந்த இரண்டையும் கேட்ட பிறகு பேரன் கூட்டணி நிறைய ஜெயித்தது. சுடுகிற கலை எனக்கு வரவில்லை. தூரத்து ஆளைச் சுட்டால் குண்டு போகப்போகத் தாழும், தலைக்கு மேலே குறி வைக்க வேண்டும், ஓடுகிறவன் என்றால் அவனுக்கு முன்னால் வைக்க வேண்டும். என் கட்டைவிரலுக்கு அதெல்லாம் ஆகாது.

நால்வர் கூட்டணியில் அடிபட்டவன் உடனே சாவதில்லை. தவழுவான், ரத்தம் குறைந்துகொண்டே போகும். கூட்டாளி ஒருத்தன் பக்கத்தில் குனிந்து 10 நொடி இருந்தால் எழுந்துவிடுவான். அந்தப் பத்து நொடியும் இருவராலும் சுட முடியாது. எதிரிக்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. அதனாலேயே விழுந்தவனை விட்டுவிட்டு ஓடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் பேரன் ஓடமாட்டான். அவர்களில் நான்காவது பையனும் ஓடமாட்டான்.

மற்ற இருவரும் பேரனோடு படித்தவர்கள். நான்காவது பையன் விளையாட்டிலேயே அறிமுகமானவன், சிவகாசிப் பக்கம். குரல் மட்டும்தான் தெரியும். என் குரல் கேட்டால் "தாத்தா வந்துட்டாரா? ரூட்டு சொல்லுங்க தாத்தா" என்பான். என்னைக் காப்பாற்ற வந்து மூன்று நான்கு தடவை செத்திருக்கிறான்.

செப்டம்பர் 2ஆம் தேதி 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. பப்ஜியும் அதில் ஒன்று. ஆனால் முன்பே போனில் வைத்திருந்தவர்களுக்கு அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் அந்தப் பையன் விளையாட்டின் நடுவே, "அப்பாவுக்கு மூச்சு முடியல, ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். ரெண்டு நாள் வரமாட்டேன்" என்றான். 29ஆம் தேதி, நாளையோடு இந்தியாவில் சேவை முற்றிலும் நிற்கிறது என்று கம்பெனி அறிவித்தது. 30ஆம் தேதி முழுக்கப் பேரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையன் வரவில்லை. மறுநாள் ஐப்பசிப் பௌர்ணமி. போன் திறக்கவே இல்லை.

நம்பர் வாங்கவில்லையா என்று கேட்டேன்.

"நீதான தாத்தா சொன்ன, மூஞ்சி தெரியாதவனுக்கு நம்பர் குடுக்காத, வாங்காதன்னு."

சொன்னேன். பேப்பரில் வரும் மோசடிச் செய்திகளைப் படித்துவிட்டு, இரண்டு மூன்று தடவை கண்டிப்பாகவே சொன்னேன். இன்னொரு பேரன் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

2021 ஜூலையில் அதே விளையாட்டு இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது. பேரன் சென்னைக்குத் திரும்பியிருந்தான். போனில் கூப்பிட்டு, தேடினாயா என்றேன். தேடினானாம். கிட்டத்தட்ட அதே பெயரில் ஐந்தாறு பேர். எல்லோருக்கும் நண்பர் அழைப்பு அனுப்பினான். இரண்டு பேர் ஏற்றார்கள், அவர்கள் வேறு யாரோ.

பேரன் இப்போது காலேஜ். விளையாட நேரமில்லை என்கிறான். என் பழைய போனில் அது இன்னும் இருக்கிறது. கிரிவலம் முடித்து வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, சில நாள் திறந்து அந்தப் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். சிவகாசிப் பக்கம் யாராவது இதைப் படித்தால், அவன் அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.