முறுகலும் கருகலும்

எலுமிச்சம்பழத்தைப் போலத் தமிழர் வாழ்வில் பல பணிகளை ஏற்றுக்கொண்ட கனி வேறொன்று உண்டா என்பது ஐயமே. பெரியோரைக் காணச் செல்வோர் கையில் அது மரியாதையாக விளங்குகிறது. மாரியம்மன் சந்நிதியில் மாலையாகிறது. புதிதாக வாங்கிய வண்டியின் சக்கரத்தடியில் நசுங்கிக் கண்ணேறு கழிக்கிறது. சாடிக்குள் உப்போடு உறவாடி ஊறுகாயாகிறது. இத்தனை இடங்களில் தாராளமாகப் புழங்கும் அக்கனியை நம் அடுக்களை மட்டும் ஓர் எல்லைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறது. அது அடுப்பை நெருங்கக் கூடாது என்பதே அவ்வெல்லை.

“இறக்கிய பிறகு பிழி” என்பது நம் வீட்டுப் பெண்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விதி. எலுமிச்சைச் சோறாயினும் இரசமாயினும் பாத்திரத்தைக் கீழே இறக்கி, கொதி அடங்கிய பின்னரே சாற்றைச் சேர்ப்பார்கள். காரணம் கேட்டால், “கொதித்தால் கசக்கும்” என்பார்கள். அது முற்றிலும் உண்மை. கொதிக்கும் நீரில் எலுமிச்சையின் மணம் ஆவியோடு பறந்துவிடுகிறது. தோலுக்கு உட்புறமுள்ள வெண்சதையிலும் விதையிலும் அடங்கியிருக்கும் கசப்போ வெளிவந்து தங்கிவிடுகிறது. மணம் போய்க் கசப்பு எஞ்சுமாயின் அதனை எவர் விரும்புவர்?

ஆயினும், அதே எலுமிச்சையை நீரில் வேகவிடாமல் உலர்ந்த சூட்டில் வாட்டினால் நிகழ்வது வேறு. குறுக்கே இரண்டாக அரிந்த பழத்தின் வெட்டுமுகத்தைச் சூடான சட்டியில் கவிழ்த்து வைத்து, அது செம்பு நிறம் கொள்ளும்வரை பொறுத்திருந்து, பின் அதன் சாற்றை இறைச்சியில் பிழிந்து உண்போர், தாம் அறிந்த எலுமிச்சைதானா இது என்று வியப்பர். அந்தச் சுவையை எங்கள் இல்லம் அறிந்துகொண்டது ஆராய்ச்சியினால் அன்று, தேவையினால்.

என் தந்தையாருக்கு இப்போது அகவை எண்பதைக் கடந்துவிட்டது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, வளர்ந்து, பால்மரம் சீவி வாழ்ந்தவர். விடியுமுன் எழுந்து நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து, வியர்வையில் உடலின் உப்பையெல்லாம் இழந்துவிட்டு வருவோருக்குக் கருவாடும் ஊறுகாயும் வெறும் சுவைப்பொருள்கள் அல்ல. உடல் கேட்ட மருந்துகள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தபின் வியர்வை நின்றது. நாக்கின் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. தீபாவளிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வேண்டும். அதில் உப்பு எடுப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்தது. உப்பைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். நாங்கள் குறைத்தோம். தந்தையார் குறை கூறவில்லை, உணவைத்தான் குறைத்துக்கொண்டார். தட்டில் வைத்ததில் பாதி மிஞ்சியது. ஒரு நாள் கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “தம்பி, எனக்குப் பசியில்லை” என்றார். பசியில்லாமை அன்று அது என்பதை நான் அறிவேன். சில மாதங்களில் அவர் சட்டை தோளில் தொங்கலாயிற்று. முதியவர் ஒருவருக்கு உப்பினால் வரும் தீங்கு பெரிதா, உண்ணாமையால் வரும் தீங்கு பெரிதா என்று எண்ணி நாங்கள் கலங்கிய காலம் அது.

நாளொன்றுக்கு ஒருவர் உட்கொள்ளும் உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவான அளவு. நம் நாட்டுச் சமையலில் தாராளமாக ஊற்றப்படும் கிச்சாப்பை எடுத்துக்கொள்வோம். உவர்ப்பான கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், அதாவது 2 கிராமுக்கும் மேற்பட்ட உப்பு அடங்கியிருக்கிறது. இரண்டே கரண்டியில் ஒரு நாளின் அளவு ஏறத்தாழ நிறைந்துவிடுகிறது. இந்நிலையில், உப்பைக் குறைத்த இடத்தில் எதை வைப்பது என்பதே எங்கள் வினாவாக இருந்தது.

அதற்கு விடை கொண்டுவந்தவள் என் மகள். தலைநகரில் தங்குவிடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் பணியாற்றுகிறாள். “தாத்தாவுக்கு வேண்டியது உப்பு அல்ல அப்பா, நாக்கை எழுப்பும் ஒன்று. புளிப்பு இருந்தால் குறைந்த உப்பும் கூடுதலாகத் தெரியும். ஆனால் பச்சைப் புளிப்பு ஆட்டிறைச்சியோடு சண்டையிடும். அதைத் தீயில் வாட்டிச் சேர்ப்போம்” என்றாள்.

எந்த எலுமிச்சை என்பதும் இங்கே முக்கியம். நாம் எலுமிச்சை என்று வழங்கும் சிறிய, மெல்லிய தோலுடைய பழத்தை மலாய்மொழியில் லீமாவ் நிப்பிஸ் என்பர். அதனினும் சிறியது லீமாவ் கஸ்தூரி. இவ்விரண்டும் பச்சையாகப் பிழிவதற்கே ஏற்றவை. சிறியவையாதலால் சட்டியில் வைத்தால் சிவப்பதற்குள் வற்றிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்து சந்தையில் விற்கப்படும் மஞ்சள் நிறமான, தடித்த தோலுடைய லெமன்தான் தீயைத் தாங்கக்கூடியது.

அரைக்கிலோ ஆட்டிறைச்சிக்கு இரண்டு பழங்கள் போதும். குறுக்கே அரிந்து, விதை நீக்கி, வெட்டுமுகத்தைத் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். சட்டியில் சிறிதே எண்ணெய் தடவி, மிதமான தீயில் சூடேறிய பின் பழங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஐந்து முதல் ஏழு நிமிடங்கள் அவற்றைத் தொடாமலிருக்க வேண்டும். தொடாமலிருப்பதே இதில் கடினமான பணி. அசைத்தால் சாறு கசிந்து சட்டி குளிர்ந்துவிடும். பழம் வாடுவதற்கு மாறாக வேகத் தொடங்கிவிடும். முதலில் ‘சுர்’ என்று ஓசை எழும்; நீர் வற்ற வற்ற ஓசை அடங்கும். பிறகு வெல்லப்பாகை நினைவூட்டும் ஒரு மணம் வரும். அப்போது எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தால் மணம் நெடியாக மாறும். புளிப்பு உலோகத்தோடு வினைபுரியக் கூடியதாதலின் எவர்சில்வர்ச் சட்டி நன்று. இரும்புச் சட்டியாயின் பழத்தை அதிலேயே விட்டுவைக்கலாகாது.

இறைச்சியைத் தனியே சமைக்க வேண்டும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சிவக்க வதக்கி, இறைச்சித் துண்டுகளைச் சேர்த்து எல்லாப் பக்கமும் நிறம் மாறும்வரை பிரட்டி, மிளகு, சோம்பு, மஞ்சள், சிறிது மிளகாய்த்தூள் இட்டு, அரைத் தேக்கரண்டி உப்பு மட்டும் சேர்த்து, நீர் ஊற்றி மூடி, மெல்லிய தீயில் மென்மையாகும்வரை வேகவிடுவோம். நால்வருக்கு அந்த அரைத் தேக்கரண்டியே போதும். வெந்தபின் நீரைச் சுண்டவைத்து, இறைச்சியை ஒருபுறம் ஒதுக்கி, அடியில் ஒட்டிய பழுப்பு மசாலாவில் அரைக் கோப்பை வெந்நீர் ஊற்றிச் சுரண்டிவிட்டால் அதுவே நல்ல சாறாகும். அடுப்பை அணைத்துவிட்டு, வாட்டிய எலுமிச்சைகளை அதில் பிழிந்து கலக்க வேண்டும். “இறக்கிய பிறகு பிழி” என்ற பழைய விதியை நாங்கள் மீறவில்லை என்பதை இங்கே கவனிக்கலாம். பழத்துக்குத் தீ முன்னதாகவே காட்டப்பட்டுவிட்டது, அவ்வளவே.

தீ என்னதான் செய்கிறது? எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய 5 முதல் 6 விழுக்காடு சிட்ரிக் அமிலம் உண்டு. சர்க்கரையோ 2 முதல் 3 விழுக்காடுதான். நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகைக்கு மேல் உயராது. வெட்டுமுகத்தின் நீர் வற்றியதும் அங்கே சர்க்கரை செறிகிறது, வெப்பமும் உயர்கிறது. பழச்சர்க்கரை ஏறக்குறைய 110 பாகை செல்சியஸிலும், கரும்பிலுள்ள சர்க்கரை ஏறக்குறைய 160 பாகையிலும் சிதைந்து பழுப்பு நிறமும் புது மணமும் பெறத் தொடங்கும். இறைச்சி வறுபடும்போது சிவப்பதற்குக் காரணமோ வேறு. அங்கே சர்க்கரையும் புரதக்கூறுகளும் சேர்ந்து வினைபுரிகின்றன. அவ்வினையை 1912ஆம் ஆண்டில் எடுத்துரைத்த பிரெஞ்சு வேதியியலறிஞர் மையாரின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. இறைச்சியின் சிவப்பும் எலுமிச்சையின் சிவப்பும் உறவுடைய மணங்களைத் தருவதால், பச்சைச் சாறு அயலாகத் தோன்றிய இடத்தில் வாட்டிய சாறு உறவாகிவிடுகிறது. புளிப்பு அழிந்துவிடவில்லை, தன்னைச் சுற்றிச் சிறிது இனிப்பையும் சிறிது கசப்பையும் கூட்டிக்கொண்டு முதிர்ந்துவிட்டது.

இவ்வுறவைப் பல நாட்டார் கண்டிருக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் சர்க்கரையைப் பழுப்பாக்கி, அதில் காடி ஊற்றிக் கரைத்துக் காஸ்திரிக் என்னும் குழம்படிப்படையை உண்டாக்குவர். ஆரஞ்சோடு சமைக்கும் வாத்திறைச்சிக்கு அது துணை. வியட்நாமியர் கரும்பழுப்புப் பாகில் இறைச்சியையும் மீனையும் வேகவைப்பர். சீனர் சர்க்கரையை எண்ணெயில் சிவக்கவிட்டு இறைச்சிக்கு நிறமேற்றுவர். புளிப்பையோ இனிப்பையோ தீயில் முதிரச்செய்து இறைச்சியோடு சேர்க்கும் அறிவு எவர்க்கும் தனியுரிமை அன்று.

இனி, எங்கள் வீட்டு உணவு மேசைக்கு வருகிறேன். அந்தப் பிரட்டலை முதன்முதலாகச் செய்த நாளில் தந்தையார் இரண்டாம் முறையும் கறி கேட்டார். எவரும் எதுவும் பேசவில்லை. என் மனைவி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் அவர் தாமாகவே அடுக்களைக்கு வந்து நாற்காலியில் அமர்ந்தார். மகள் எலுமிச்சையைச் சட்டியில் வைத்துக்கொண்டே, “அப்பா, நீங்கள் தமிழாசிரியர்தானே? கேரமலைஸ் செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டாள். நான் கலைச்சொல் அகராதியை எடுத்துவர எழுந்தேன். அதற்குள், சட்டியையே பார்த்துக்கொண்டிருந்த தந்தையார் சொன்னார்: “முறுகவிடு, கருகவிடாதே. எங்கள் ஆத்தா பாகு காய்ச்சும்போது அப்படித்தான் சொல்லும்.”

நான் மீண்டும் அமர்ந்துவிட்டேன். பாகு பதத்தைக் கடந்து மேலும் காய்ந்தால் ‘முறுகிவிட்டது’ என்பதும், ஓரம் சிவந்த தோசையை ‘முறுகல்’ என்பதும் நாமெல்லாம் அறிந்தவையே. பள்ளி சென்றறியாத பெரியவர் ஒருவர் லயத்து அடுப்படியிலிருந்து கொண்டுவந்த அச்சொல், அகராதி தேடும் அவசியமின்றி அவ்விடத்தில் பொருந்தி நின்றது.

தீயின் ஒவ்வொரு படிக்கும் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. வாட்டுதல் வேறு, வதக்குதல் வேறு. வறுத்தல் வேறு, பொரித்தல் வேறு. சிவத்தல், முறுகல், கருகல், தீய்தல் என்பவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைகள். பாகுக்குக் கம்பிப் பதம், உருண்டைப் பதம் எனப் பிரிவுகள். குறுந்தொகை 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் புதுமணப்பெண், தயிரைத் தன் விரலால் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் படிய, இனிமையும் புளிப்பும் கலந்த குழம்பைத் தானே சமைக்கிறாள். கணவன் அதனை இனிதென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. அடுக்களையைப் புலவர் இலக்கியத்துக்கு உரிய இடமாகவே கண்டார். நாம்தாம் அதனைப் பாடநூலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

சொற்பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் இச்சொற்கள் மாணவர் மனத்தில் தங்கா. வாரம் ஒரு நாள் வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு சமையற்குறிப்பைக் கேட்டு, அவர்கள் சொல்லும் வினைச்சொற்களை மாற்றாமல் எழுதிவரச் சொன்னால் தங்கும். நான் என் வகுப்பில் அவ்வாறு செய்யத் தொடங்கியிருக்கிறேன். நான் அறியாத சொற்கள் பல வந்து சேர்கின்றன. அவற்றை விடவும் மகிழ்ச்சி தருவது வேறொன்று: இதுவரை வீட்டில் எவரும் எதுவும் கேளாதிருந்த முதியவர்களிடம் பேரப்பிள்ளைகள் ஏடும் எழுதுகோலுமாகச் சென்று அமர்கின்றனர்.

தந்தையாரின் அழுத்தத்துக்கு மருந்து இன்றும் தொடர்கிறது. எலுமிச்சை அதற்கு மாற்று அன்று. ஆனால் அவர் உண்கிறார். ஞாயிறுதோறும் அடுக்களை நாற்காலியில் அமர்ந்து, ஓசை அடங்கி மணம் மாறும் அந்த நொடியை எங்கள் எல்லாரினும் முன்னதாக அவரே கண்டுகொண்டு, “போதும், எடு” என்கிறார்.