கடைமடைக்கு வந்து சேரும் மருந்து

மூன்றாவது முறையும் பரிசோதனைத் தாளில் டிஎஸ்எச் 14 என்று வந்தது. தைராய்டு சுரப்பு போதாவிட்டால் ஏறும் அளவு அது. அம்மா தைராய்டு மாத்திரையை ஒருநாளும் விட்டவரில்லை. 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 75, 100 என்று ஏற்றியும் ஆகிவிட்டது. அப்படியும் அசதி போகவில்லை, குரல் கம்மியது, முகம் உப்பியே இருந்தது. கோவையில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்கம்மா, மாத்திரையை எதோட முழுங்கறீங்க?”

“காப்பியோடதானுங்க. வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சதும் மாத்திரையப் போட்டு, ஒரு டம்ளர் காப்பி குடிச்சுப்போட்டுத்தான் பால் கறக்கப் போவனுங்க.”

டாக்டரம்மா அளவைக் கூட்டவில்லை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடச் சொன்னார். காப்பிக்கு ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னார். காலையில் சேர்த்துப் போட்டுவந்த கால்சியம் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். அவ்வளவுதான் வைத்தியம்.

ஈரோடு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அப்பாவின் நினைப்புத்தான் வந்தது. எங்கள் நிலம் முத்தூர்ப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில். பவானிசாகரில் இருந்து 200 கிலோமீட்டர் ஓடிவரும் வாய்க்கால் அது. அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் வரும். அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாய்க்கால் மேட்டுக்குப் போவார். நம் மடைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் அவருக்குக் கணக்கு. அம்மாவின் மாத்திரை அட்டையில் 100 என்று அச்சடித்திருந்தது அணையில் திறந்த அளவு. அதைத்தான் நாங்கள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தைராக்சின் மாத்திரை இரைப்பையில் கரைந்து சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில், எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், நூறில் 60 முதல் 80 பங்குதான் ரத்தத்தில் சேரும். கால்சியமும் இரும்புச் சத்தும் வழியிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிக் கட்டுண்டது குடல் சுவரைத் தாண்டாமல் மலத்தோடு போய்விடும். காப்பியும் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இதை 2008ல் இத்தாலி மருத்துவர்கள் ஆய்வாகவே வெளியிட்டார்கள். மாத்திரையைக் காப்பியோடு விழுங்கிவந்த, டிஎஸ்எச் இறங்காத நோயாளிகளைத்தான் அவர்கள் கவனித்தார்கள். அங்கேயும் யாரோ ஒரு அம்மா விடியக்காலையில் எங்கள் வீட்டில் நடந்ததையே செய்திருக்கிறார்.

ரத்தத்தில் சேர்ந்தபிறகு இந்த மருந்து அவசரப்படுவதில்லை. சேர்ந்ததில் பாதி தீரவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். பாதி தீருமுன் அடுத்த நாள் மாத்திரை, அதற்கடுத்த நாள் மாத்திரை என்று சேர்ந்து சேர்ந்து, வரவும் செலவும் சமமாகி மட்டம் ஓரிடத்தில் நிற்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். அடுத்த பரிசோதனைக்கு ஒன்றரை மாதம் கழித்து வரச் சொல்வது இதனால்தான். பத்தே நாளில் “ஒண்ணும் கேக்கலியே” என்று நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மருந்து அப்போதுதான் தொட்டியில் ஏறத் தொடங்கியிருக்கும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் அது செய்யும் வேலையும் அழகானது. விழுங்கிய தைராக்சின் திசுக்களுக்குள் ஒரு அயோடின் அணுவை இழந்து, அதைவிட வீரியமான இன்னொன்றாக மாறுகிறது. செல்லின் உட்கருவுக்குள் தனக்கென்று இருக்கும் ஏற்பியைப் பற்றி, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதை மாற்றுகிறது. அம்மாவின் குரலும் தோலும் நாடித்துடிப்பும் அந்த உத்தரவுக்குத்தான் காத்திருந்தன.

குடலில் உறிஞ்சப்பட்டதும் மருந்து நேரே உடம்பெங்கும் பரவிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் சில மருந்துகளைப் பெருமளவு சிதைத்துவிட்டுத்தான் மிச்சத்தை மேலே விடுகிறது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போது தெரியாது. நாக்கின் அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் ஈரலைத் தொடாமல் நேரே இதயத்துக்குப் போகிறவை. மருந்து முழு வீரியத்தோடு, சில நிமிடங்களில் சேர்ந்துவிடும். அவசரத்தில் அதைத் தண்ணீரோடு விழுங்கவைத்தால் ஈரலிலேயே பெரும்பகுதி தீர்ந்துபோகும்.

நம் ஊர் மஞ்சளுக்கும் இதே கதி. ஈரோட்டு மஞ்சள் 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் குர்குமினைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலில் கொஞ்சமே உறிஞ்சப்படுகிறது. அந்தக் கொஞ்சத்தையும் குடல் சுவரும் ஈரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் அது தென்பட்டதே அரிது. 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, சேர்த்துக் கொடுத்தபோது அளவு 20 மடங்கு கூடியது. என் அம்முச்சி சளிக்குக் காய்ச்சும் மஞ்சள்பாலில் நாலு மிளகைத் தட்டிப் போடாமல் இருந்ததில்லை.

இதைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். அற்பமான அளவு 20 மடங்கு ஆனாலும் அது கொஞ்சம்தான். மிளகுப் பாலை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டாவது, பைப்பரின் உடம்பின் வடிகாலை அடைத்துத்தான் குர்குமினைத் தேக்குகிறது. அந்த வடிகால் வேறு மருந்துகளுக்கும் பொது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் போன்றவற்றின் அளவையும் அது ரத்தத்தில் ஏற்றும். சமையலில் போடும் மிளகைப் பற்றிப் பயமில்லை. கடையில் விற்கும் மஞ்சள்-மிளகுக் கேப்சூல் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

கூடச் சேருவது எது என்பதைப் போலவே, ஒரே நேரத்தில் எவ்வளவு என்பதும் முக்கியம். இதற்கு நல்ல சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1956ல் அங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தில், ஐசோனியாசிட் மருந்தின் அன்றாட அளவைச் சிலருக்கு ஒரே வேளையாகவும் சிலருக்கு இரண்டாகப் பிரித்தும் கொடுத்தார்கள். மொத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரே வேளையாகச் சாப்பிட்டவர்களுக்கே நன்றாகக் குணமானது. மருந்து ரத்தத்தில் ஒருமுறையாவது உயரமாக எழும்பவேண்டியிருந்தது. வாய்க்காலில் தண்ணீரை ஒழுகவிட்டால் தலைமடையிலேயே வற்றிவிடும், முழு அளவு விட்டால்தான் எங்கள் மடைக்கு வரும் என்று அப்பா சொல்வது இதைத்தான். எல்லா மருந்துக்கும் இப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலவற்றை நாள் முழுக்கச் சொட்டு நீர் மாதிரி விடவேண்டும். அதற்கென்று மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால், ஒருநாள் மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

மெடிக்கல் கடையில் கவரின் மேல் 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். எந்த வேளை என்பது அதில் இருக்கிறது. எதோடு, எதற்கு முன், கூட எது ஆகாது என்பது இல்லை. கடைக்காரர்களே, தயவுசெய்து இன்னும் ஒரு வரி, தமிழில், எழுதிக் கொடுங்கள். எழுதித் தராவிட்டால் நின்று கேட்டு வாங்குங்கள் என்று மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அம்மாவின் டிஎஸ்எச் இருக்கவேண்டிய அளவுக்கும் கீழே போயிருந்தது. காப்பியில் போனதை ஈடுகட்ட ஏற்றிய 100 இப்போது அதிகமாகிவிட்டது. டாக்டரம்மா 75க்கு இறக்கினார். அம்மா இப்போதும் அஞ்சு மணிக்குத்தான் எழுகிறார். மாத்திரையைப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பால் கறக்கப் போகிறார். பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தபிறகுதான் அடுப்பில் காப்பி ஏறுகிறது.