நாலு பிளேடு இடைவெளி

எங்கள் கைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பறையை எழுதுகிறார்கள், அரிவாளை எழுதுகிறார்கள், மண்வெட்டியை எழுதுகிறார்கள். ஸ்பேனரை யாரும் எழுதுவதில்லை. முப்பத்தைந்து வருசமாக மொபெட் ரிப்பேர் பார்க்கிற கை என்னுடையது. எனக்குத் தெரிந்ததை நான்தான் எழுத வேண்டும்.

எங்கள் காலனியிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றைத் தாண்ட வேண்டும். தாத்தா காலத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினார்கள். அப்பா காலத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு தாண்டினார்கள். தெரு முடிந்த பிறகு ஏறி மிதிக்கலாம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் ஊருக்கும் தெரியும், சேரிக்கும் தெரியும்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதற்கு முன்பே லூனாவும் சுவேகாவும் இருந்தன. எல்லாமே எஞ்சின் வைத்த சைக்கிள்கள்தான். பெடலை மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். சில வருசம் கழித்து எங்க பெரியப்பா மாட்டு யாவாரத்துக்குப் போய்வர ஒரு பழைய டி.வி.எஸ். 50 வாங்கினார். ஊர்த்தெருவில் அவர் இறங்கவில்லை. ஏன்டா இறங்கல என்று ஒருவர் மறித்துக் கேட்டதற்கு, "எறங்குனா வண்டி தன்னால ஓடிடும் சாமி" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சேரியே சிரித்தது.

ஆனால் வண்டி நடுத்தெருவில் நின்றுபோனால்? இறங்கித்தான் தள்ள வேண்டும். மற்றவனுக்கு வண்டி நிற்பது நேர நட்டம். எங்களுக்கு அது அப்பா காலத்துக்குத் திரும்பிப் போவது. "என்னடா, எறங்கிட்டியா?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும், பின்னாலேயே சிரிப்பும் வரும். வண்டி நிற்கக் கூடாது என்கிற வைராக்கியம் எனக்கு அந்தச் சிரிப்பிலிருந்து வந்தது.

எட்டாவதோடு படிப்பு நின்றதும் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். கழுவ விட்டார்கள், பஞ்சர் ஒட்ட விட்டார்கள், செயினில் கிரீஸ் பூச விட்டார்கள். டீ வாங்கிவர மட்டும் என்னை அனுப்பவில்லை. அதற்கு வேறு பையன் இருந்தான். மேக்னெட் மூடியைத் திறக்கும்போது ஓனர் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்வார். எட்டிப் பார்த்தால், "கரண்டு வேலை ஒனக்கு எதுக்குடா? போய் சக்கரத்தத் தொடை." சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே தட்டுத் தட்டாகப் பிரிக்கிறது என்பதை, லாகூரில் பேச முடியாமல் போய் 1936இல் அச்சாக்கிய உரையில் அம்பேத்கர் விளக்கினார். நான் அதைப் படித்தது பிற்பாடு. பார்த்தது அந்தப் பட்டறையில். கிரீஸ் எனக்கு, கரண்ட் அவருக்கு.

காயலான் கடை பாய் ஒரு செத்த எஞ்சினை இருபது ரூபாய்க்குக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். காந்தம் பதித்த சக்கரம் சுற்றும்போது உள்ளே இருக்கிற சுருளில் கரண்ட் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை அது சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் பாயிண்ட் திறக்கும், கரண்ட் அறுபடும். அறுபடுகிற நொடியில் எச்.டி. காயிலில் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறி, பிளக் முனையில் பொறியாகத் தாவும். பாயிண்டிலேயே பொறி பறந்து வீணாகாமல் தாங்குவது கன்டன்சர். மூடிக்குள் இருந்த ரகசியம் மொத்தமும் இவ்வளவுதான்.

பாயிண்ட் திறக்கும் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும், என்னிடம் இல்லை. சவர பிளேடு ஒன்றின் கனம் 0.1 மில்லிமீட்டர். நாலு பிளேடை அடுக்கினேன், அளவு கிடைத்துவிட்டது. பாயிண்ட் திறக்கும் சரியான நொடியைப் பார்க்க சிகரெட் தாளை இடையில் செருகி, சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே தாளை இழுப்பேன். பிடி விட்டுத் தாள் நழுவுகிற இடம்தான் அந்த நொடி. முடிவெட்டும் கடையும் பெட்டிக்கடையும் எனக்குக் கருவி கொடுத்தன.

இன்றும் பழைய வண்டியோடு வருகிறவர்களுக்கு வரிசையைச் சொல்லித் தருகிறேன். வண்டி நின்றால் முதலில் பிளக்கைக் கழற்று. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் கூடுதல், அல்லது பொறி பலவீனம். வெளிர்ப் பழுப்பாக இருந்தால் நல்லது. பிளக்கை எஞ்சின் இரும்பில் அணைத்து வைத்து மிதி. பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யாதே. பொறி நீலமாக, சடசடவென்று வந்தால் குறை வேறிடத்தில். மஞ்சளாக இழுத்தால் பாயிண்டைப் பார்: அழுக்கென்றால் உப்புத்தாள், குழி விழுந்திருந்தால் புதுசு. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நின்றுபோனால் கன்டன்சரையும் காயிலையும் சந்தேகப்படு. பொறியே இல்லையென்றால் எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார். தோல் உரிந்த ஒரு வயர் பிரேமைத் தொட்டுக்கொண்டு ஊரையே ஏமாற்றும்.

விளக்கு தனிக்கதை. அந்த வண்டிகளில் பேட்டரி கிடையாது. எஞ்சின் சுற்றுகிற வேகத்துக்கு வெளிச்சம் ஏறும், இறங்கும். பின்னால் சிவப்பு பல்பு ஃபியூஸ் போனால் அதன் பங்கு கரண்டும் முன் பல்புக்குப் பாயும், அதுவும் போய்விடும். ராத்திரி சினிமா விட்டு வருகிறவன் இருட்டில் நிற்பான். அதனால் ரெகுலேட்டர் ஒன்றைச் சேர்த்துக் கட்டச் சொல்வேன். இப்போது பையன்கள் எல்.இ.டி. போடுகிறார்கள். நேராக இணைத்தால் மினுக்கும், சீக்கிரம் சாகும், ரெக்டிஃபயரும் வேண்டும்.

பின்னால் வந்த வண்டிகளில் பாயிண்டே போய், எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. சி.டி.ஐ. என்கிற கறுப்பு டப்பா. பாயிண்ட் இல்லை, உப்புத்தாள் இல்லை, இடைவெளி நகர்வதில்லை, மழைக்காலத்திலும் ஒரே மாதிரி பொறி. பழைய வண்டிக்கும் மாற்றிக்கொள்ளலாம். டப்பாவை மட்டும் வாங்கினால் போதாது, பொருத்தமான மேக்னெட் செட்டும் பிக்கப் காயிலும் சேர்ந்தே மாற வேண்டும். கைவேலை போச்சே என்று நான் புலம்பவில்லை. வண்டி நடுத்தெருவில் நிற்பது குறைந்ததே, அது போதும்.

ஆனால் டப்பா சீல் வைத்தது. பிரித்துப் பார்க்க முடியாது. மறுபடியும் ஒரு மூடி. வண்டி நின்றதும் "டப்பா போச்சு" என்று சொல்லி மூன்று நாள் கூலியை வாங்கிவிடுகிறார்கள். பல தடவை போனது டப்பா அல்ல. பிளக் மூடியில் ஈரம், துருவேறிய எர்த், அறுந்த பிக்கப் வயர். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார், டப்பாவைக் கடைசியில் சந்தேகப்படு என்று எங்கள் பையன்களிடம் சொல்கிறேன். பிளக்கை இரும்பில் அணைக்காமல் மிதித்தால் நல்ல டப்பாவும் கெட்டுப்போகலாம் என்பதையும் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் எக்ஸ்.எல். 100இல் பெட்ரோலை அளந்து விடுவதும் எலெக்ட்ரானிக் ஆனது. 2024இல் லூனாவே பேட்டரி வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. மூடிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஐ.டி.ஐ. முடித்த எங்கள் பிள்ளைகளில் சிலர் பெரிய ஷோரூம்களில் இருக்கிறார்கள். கேட்டால், வாட்டர் சர்வீஸில் போட்டிருக்கிறார்களாம். கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கிற இடத்தில் வேறு பையன் நிற்கிறானாம்.

தோழர்களே, நிலம் கேட்கிறோம், இட ஒதுக்கீடு கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே அந்த மூடிக்குள் இருப்பதையும் கேட்க வேண்டும். என் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், நாலு பேர் பெண்பிள்ளைகள். மீட்டர் பிடிப்பவரும் வண்டி கழுவுபவரும் வாரா வாரம் மாற வேண்டும். டீ வாங்க யாரும் போகலாம். இன்ஜெக்ஷன் வண்டியின் வயரிங் படத்தைத் தமிழில் எழுதித்தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். படிக்கிற மாணவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள்.