வேண்டாமென்று சொல்லாத பிரபு

ஐதராபாத் நகருக்குச் செல்பவர் சார்மினாரைக் காணாது திரும்பார். ஆயின் அதற்குச் சற்றுத் தொலைவிலே, மூசி நதியின் தென்கரையில் நிற்கும் சாலார் ஜங் நூதனசாலைக்கு ஒரு முழு நாளையும் ஒதுக்க மனங்கொள்வோர் சிலரே. இரண்டு மணி நேரம் போதுமென எண்ணியே நாமும் உட்புகுந்தோம். மாலையில் காவலர் கதவடைக்க வந்தபோது, கூடங்களிற் பாதியையேனும் நாம் பார்த்து முடித்திருக்கவில்லை.

அங்குள்ளவற்றிற் பெரும்பகுதி ஒரு தனிமனிதர் சேர்த்த செல்வம். மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலிகான் 1889இல் பிறந்தவர். பாட்டனாரும் தந்தையாரும் நிஜாமின் திவான்களாக விளங்கியவர்கள். இவரும் 1912இல் அப்பதவியை ஏற்றார். மூன்றாண்டு நிறையுமுன் அதைத் துறந்தார். அதன்பின் 1949இல் காலமாகும்வரை அவருடைய வாழ்நாளைக் கொள்ளை கொண்டது பொருள் வாங்கும் ஆசையே. அவர் மணம் புரியவில்லை.

வாங்கியவைதாம் எத்தனை வகை! முகலாயரின் பச்சைக்கல் வேலைப்பாடுகளைக் கண்டு வியந்து நிற்கிறோம். திரும்பினால் கைத்தடிகளுக்கென்றே ஓர் இடம். சீனப் பீங்கான், பாரசீகக் கம்பளம், தந்த நாற்காலிகள், வாள்கள், ஏட்டுப் பிரதிகள். பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி திப்பு சுல்தானுக்கு அனுப்பியவை அந்நாற்காலிகள் என்கின்றனர். ஐரோப்பிய ஓவியங்களுட் சில, புகழ்பெற்ற சித்திரங்களைப் பார்த்து வரைந்த படிகளே. அசல் எது, படி எது என்ற கவலை பிரபுவுக்கு அதிகம் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. விளையாட்டுப் போர்வீரர்களும் பொம்மைகளும் உள்ள பகுதியில் மட்டும் நாம் சிறிது நேரம் பேசாது நின்றோம். பிள்ளையில்லாத வீட்டிலே அவற்றை யாருக்காக வாங்கினாரோ!

அவருடைய மாளிகையான திவான் தேவ்டியின் காலைப் பொழுதொன்றை மனத்தில் வரைந்து பார்த்தோம். முற்றத்திலே மூட்டைகளுடன் வியாபாரிகள். ஒருவன் துணியை அவிழ்த்துக் கத்தியொன்றைக் காட்டுகிறான். மற்றவன் கடல்கடந்து வந்த கண்ணாடிச் சாடியை நீட்டுகிறான். பிரபு அதை ஒளியிற் பிடித்துப் பார்க்கிறார். விலையைக் கேட்க மறந்து விடுகிறார். வேண்டாமென்ற சொல் அவர் நாவில் எழுவதேயில்லை. இது எமது கற்பனைதான். எனினும் அந்தக் கூடங்களிடையே நடந்தவர்க்கு வேறு விதமாய்க் கற்பனை செய்தல் அரிது.

கலை நுட்பத்தில் முதலிடம் பெறத்தக்க சிலையோ அவர் வாங்கியதன்று. இத்தாலியச் சிற்பி பென்சோனி பளிங்கில் வடித்த, முக்காடிட்ட ரெபேக்கா அது. பாட்டனாரான முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோமாபுரியில் வாங்கி வந்தார். கல்லுக்குள்ளே மெல்லிய துணியும், துணிக்குள்ளே முகமும் தெரிகின்றன. இன்னொரு விநோதம், ஒரே மரத்தில் முன்புறம் செருக்குடைய மெபிஸ்டோபிலிஸாகவும் பின்புறம் நாணித் தலைகவிழ்ந்த மார்கரெட்டாவாகவும் செதுக்கப்பட்ட உருவம். பின்னே வைத்த கண்ணாடியில் அவளைக் காணலாம்.

ஆயினும் சனக்கூட்டம் மொய்ப்பது கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்தாரின் மணிக்கூட்டைச் சுற்றியே. கொல்லன் ஒருவன் விநாடிதோறும் சம்மட்டியால் அடிக்கிறான். மணி நிறையுமுன் தாடிக்காரக் குள்ளன் ஒருவன் வெளிவந்து சேகண்டியை அடித்துவிட்டு உள்ளே மறைகிறான். நண்பகலிற் போனால் பன்னிரண்டு அடியும் கேட்கலாம். அப்போது நிற்க இடம் கிடையாது.

பிரபு மறைந்தபோது நேர் வாரிசு இல்லை. உரிமை கோரியோர் பலர். பங்கிட்டிருந்தால் கைத்தடி ஒரு வீட்டுக்கும் கம்பளம் வேறோர் ஊருக்குமாய்ச் சிதறியிருக்கும். நல்லவேளையாக அவருடைய மாளிகையே நூதனசாலையாயிற்று. 1951 டிசம்பர் 16இல் நேரு அதனைத் திறந்துவைத்தார். 1961இல் பாராளுமன்றச் சட்டத்தினால் அது தேசியச் சொத்தாயிற்று. 1968இல் ஆற்றங்கரையிலுள்ள இன்றைய கட்டடத்துக்கு யாவும் கொண்டு வரப்பட்டன.

வெளியேறும்போது எமக்கு முன்னே ஒரு சிறுவன் தந்தையின் கையை இழுத்து, அந்தத் தாடிக்காரனை இன்னுமொருமுறை பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தான். காவலர் தலையசைத்து மறுத்தார். நாமும் அச்சிறுவனுக்காகச் சிறிது பரிந்து பேசினோம், பயனில்லை.