இருபத்தொன்றாம் நம்பர் இன்ஜின்

இஐஆர் 21 என்ற பழைய கரி இன்ஜினை எழும்பூர் நடைமேடையில் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பலரும் கேட்பது, "இவ்வளவுதானா?" என்பதுதான். உயரமான புகைபோக்கி, பின்னால் ஒரே ஒரு பெட்டி. சினிமாவில் பார்த்த கரி இன்ஜினின் ஆகிருதி இதற்குக் கிடையாது. நடுச்சக்கரத்தை ஒட்டிப் போய் நின்றால் அப்படிக் கேட்கத் தோன்றாது. ஆறடி விட்டம்; விளிம்பைப் பார்க்க நான் அண்ணாந்தேன். முன்னும் பின்னும் இருப்பவை சின்னச் சக்கரங்கள்; வண்டியை இழுப்பது அந்த ஒரு ஜோடி மட்டுமே. பாரம் முழுவதும் அதன் மேல் விழுவதில்லை என்பதால், கிளம்பும்போது ஈரத் தண்டவாளத்தில் வழுக்கிச் சுழலும்.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் செய்து, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காகக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். நம் பக்கம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியதே 1856-இல்தான். 1909-இல் ஓய்வு கொடுத்த பிறகு நூறு வருஷம் காட்சிப் பொருள். 2010-இல் பெரம்பூர் லோகோ பணிமனை அதை மறுபடி ஓட வைத்தது.

விழுப்புரம் ஷெட்டில் பயர்மேனாக இருந்த பெரியப்பா இதைப் பார்க்கவில்லை. அவருடையதெல்லாம் மீட்டர்கேஜ். பனியனை எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் கழுத்தோரம் கருப்பு போகாது. பெரியம்மா அதைத் தனியாக ஊற வைப்பார். இன்ஜின் மறுநாள் கிளம்பவேண்டுமென்றால் ராத்திரியே நெருப்பு மூட்டிவிடுவார்களாம். பாய்லரில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, எண்ணெயில் நனைத்த பஞ்சுக் கழிவு, அதன்மேல் விறகு, அது நன்றாகப் பிடித்த பிறகுதான் கரி. "தகடு திடுக்குன்னு சூடாகக் கூடாதுடா" என்பார். இரும்பு மெல்ல மெல்ல விரிய வேண்டும்; அவசரப்பட்டால் குழாய் மூட்டுகள் கசியும்.

கரியைக் குவித்துப் போடுகிறவன் பயர்மேனே இல்லை என்பது அவர் கட்சி. பரவலாக, மெல்லிசாக, நெருப்பு வெளுத்த இடம் பார்த்துத் தூவ வேண்டும். புகைபோக்கியில் லேசான சாம்பல் நிறப் புகை வந்தால் சரி. குபுகுபுவென்று கரும்புகை வந்தால் கரி முழுதாக எரியாமல் வீணாகிறது என்று அர்த்தம். டிரைவர் திரும்பி முறைப்பார்.

இன்று உல்லாசப் பயணத்துக்கு இன்ஜின் வந்தால் ஜனங்கள் கைதட்டுவது அந்தக் கரும்புகைக்குத்தான். செல்போன்கள் உயர்வதும் அப்போதுதான். பெரியப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

2019-இல் இந்த 21-ஐக் கொச்சிக்குக் கொண்டுபோய், எர்ணாகுளத்திலிருந்து துறைமுக முனையம் வரை ஓட்டினார்கள். வழக்கமான பயணிகள் ரயில் நின்றுபோன பாதை அது. எழும்பூர்–கோடம்பாக்கம் ஓட்டம்போலத்தான், கொஞ்ச தூரம். அந்தத் தூரம் போதும் என்று நினைக்கிறேன். வேகத்துக்கு வந்தே பாரத் இருக்கிறது. இதில் ஏறுகிறவர் கேட்க வேண்டியது, அந்தப் பெரிய சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் வரும் நாலு மூச்சை.

இதன் கூடப்பிறந்ததென்று சொல்லத்தக்க 22-ஆம் நம்பரான ஃபேரி குயினும் 1855-ஆம் வருஷத்ததுதான். வழக்கமான ஓட்டத்தில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. டெல்லியில் நிறுத்தி வைத்திருந்தபோது 2011-இல் அதன் பாகங்களைத் திருடிவிட்டார்கள். அதையும் பழுது பார்க்கப் பெரம்பூருக்குத்தான் அனுப்பினார்கள்! வேறு எங்கே அனுப்புவது? பித்தளையை வாங்கிவிடலாம், அதை எங்கே, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரிந்த கை வேண்டுமே.

அந்தக் கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கரி வண்டி ஓட்டிய தலைமுறை பணி ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. 21-ஐ வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் இளம் பிட்டர்கள் இரண்டு பேரையாவது முந்தின ராத்திரி நெருப்பு மூட்டுவதிலிருந்தே தென்னக ரயில்வே உடன் வைத்துக்கொள்ள வேண்டும். கொடியசைக்க அதிகாரிகள் எப்போதும் கிடைப்பார்கள்.