ஓடுகிற வண்டியைப் பிரித்த நிக் ஃபால்டோ

1983-ல் ஐரோப்பிய கோல்ஃபில் இங்கிலாந்துக்காரரான நிக் ஃபால்டோவை மிஞ்ச ஆளில்லை. அந்த ஒரே வருடத்தில் ஐரோப்பியச் சுற்றில் ஐந்து போட்டிகளை ஜெயித்தார். பரிசுப் பணப் பட்டியலில் முதலிடம். அடுத்த வருடம் அமெரிக்காவிலும் ஒரு கோப்பை. அப்போது அவருக்கு வயது 26. அப்படிப்பட்ட ஒருவர் ஒரு பயிற்சியாளரிடம் போய், தன் ஸ்விங்கை அடியிலிருந்து மாற்றித் தரச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? "நல்லா ஓடுற வண்டியை ஏம்ப்பா பிரிக்கிற?" என்றுதான் கேட்கும்.

அவர் ஏன் பிரித்தார் என்பது புரிய வேண்டுமானால், கோல்ஃப் ஸ்விங் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட்டில் பந்து 140 கி.மீ. வேகத்தில் வருகிறது, எகிறுகிறது, திரும்புகிறது. கோல்ஃபில் பந்து புல் மேல் சும்மா கிடக்கிறது. அதை அடிப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் பந்தில் இல்லை, அடிப்பவரின் உடம்பில் இருக்கிறது. கிளப்பைப் பின்னால் கொண்டுபோய், மேலே உயர்த்தி, இறக்கிப் பந்தை அடிக்க ஆகும் நேரம் ஒன்றரை வினாடிக்கும் குறைவு. கிளப்பின் முகம் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்தக் கணத்தில் முகம் இரண்டே டிகிரி திரும்பியிருந்தாலும் 200 மீட்டர் தள்ளி விழும் பந்து ஆறேழு மீட்டர் விலகிவிடும். பக்கவாட்டில் சுழன்றால் இன்னும் அதிகம். நடுவில் யோசித்துத் திருத்திக்கொள்ள நேரமே கிடையாது. உடம்புக்கு என்ன பழகியிருக்கிறதோ அதுதான் வெளியே வரும்.

ஃபால்டோவுக்குப் பழகியிருந்தது பார்க்க மிக அழகான ஸ்விங். ஆறடி மூன்று அங்குல உயரம், உயரப் போகும் கைகள், வேகமாக முன்னே பாயும் கால்கள். ஆனால் கால் ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் ஓட, இரண்டும் சரியான நேரத்தில் சந்தித்தால்தான் பந்து நேராகப் போகும். நல்ல நாளில் சந்தித்தன. காற்று அடிக்கும் நாளில், கடைசி நாள் நெஞ்சு படபடக்கும்போது, சந்திக்கவில்லை. 1983 பிரிட்டிஷ் ஓபனில் கடைசி நாள் வரை போட்டியில் இருந்துவிட்டு நழுவினார். 1984 மாஸ்டர்ஸில் கடைசிச் சுற்றில் 76 அடி அடித்துப் பின்தங்கினார். பத்திரிகைகள் அவர் பெயரையே 'ஃபோல்டோ' என்று திருப்பிப் போட்டன. மடங்கிப் போகிறவர் என்று கிண்டல்!

அவர் தேடிப் போன பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டர். அப்போது அவர் அவ்வளவு பிரபலமானவர் இல்லை. 1985-ல் வேலை மும்முரமாகத் தொடங்கியது. இரண்டு வருடம் ஆகும் என்று லெட்பெட்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அவர் செய்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். கால்களை இன்னும் அகட்டி வைத்து நிற்க வேண்டும். கால்களின் பாய்ச்சலைக் குறைக்க வேண்டும். மணிக்கட்டைச் சீக்கிரமே மடக்க வேண்டும். முக்கியமாக, கை தன்னிஷ்டத்துக்கு வீசக் கூடாது. தோளும் இடுப்பும் சுழல, கை அவற்றோடு சேர்ந்து வர வேண்டும். பெரிய தசைகள் முதலாளி, சின்னத் தசைகள் வேலைக்காரர்கள். பதற்றத்தில் முதலில் நடுங்குவது விரலும் மணிக்கட்டும்தானே? முதுகும் இடுப்பும் அவ்வளவு சீக்கிரம் நடுங்காது.

எழுத நாலு வரி. செய்ய இரண்டு வருடம்! 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று சும்மாவா சொன்னார்கள்?

இங்கேதான் ஒரு ஆசிரியரின் தேவை தெரிகிறது. கிளப்பை ஒரு அங்குலம் தள்ளிக் கொண்டுபோகச் சொன்னால், ஆடுபவருக்கு ஒரு முழம் தள்ளிப்போனது போல இருக்கும். வீடியோவில் பார்த்தால் அசைந்திருக்கவே இருக்காது. உடம்பு சொல்லும் சேதி ஒன்று, நடப்பது வேறொன்று. தனியாகப் பயிற்சி செய்பவர் உடம்பு சொல்வதை நம்பி, பழைய தப்பையே இன்னும் கெட்டியாக்கிக்கொள்வார். ஆயிரம் முறை செய்தால் நன்றாக வரும் என்பது பாதி உண்மைதான். தப்பையும் ஆயிரம் முறை செய்தால் அதுவும் நன்றாகவே வரும்!

ஃபால்டோ ஃபுளோரிடா வெயிலில் நின்று நாளெல்லாம் பந்துகளை அடித்தார். பலன்? 1985-ல் ஒரு கோப்பை இல்லை. 1986-லும் இல்லை. 1985 ரைடர் கோப்பையில் ஐரோப்பிய அணி 28 வருடங்களுக்குப் பிறகு ஜெயித்தது. அந்த அணியில் ஃபால்டோ ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. 1987 மாஸ்டர்ஸுக்கு அவருக்கு அழைப்பே வரவில்லை. அதே வாரம் மிசிசிப்பியில் நடந்த ஒரு சின்னப் போட்டியில் ஆடினார். நான்கு நாளும் அவர் அடித்த கணக்கு 67, 67, 67, 67. இரண்டாமிடம்தான். ஆனால் ஒரே எண் நான்கு முறை வந்தது, வண்டி மறுபடி கோர்க்கப்பட்டுவிட்டது என்பதற்கு அடையாளம்.

மே மாதம் ஸ்பானிஷ் ஓபனை ஜெயித்தார். ஜூலையில் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓபன். கடைசி நாள் குளிர், ஈரம், பனிமூட்டம். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குப் பெயர் பார். அன்று 18 குழியிலும் ஃபால்டோ பார் அடித்தார். ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவும் இல்லை. முன்னணியில் இருந்த அமெரிக்கர் பால் அசிங்கர் கடைசி இரண்டு குழிகளிலும் ஒவ்வோர் அடி தவறவிட, ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் கோப்பை ஃபால்டோவுக்கு. முந்தின நாள்தான் அவருக்கு முப்பது வயது நிறைந்திருந்தது.

டைகர் வுட்ஸும் இதே வேலையைச் செய்தவர்தான். 1997 மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்த பிறகு பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு உட்கார்ந்து ஸ்விங்கை மாற்றினார். 1998-ல் அமெரிக்கச் சுற்றில் ஒரே ஒரு வெற்றி. 1999-ல் எட்டு. 2000-ல் யு.எஸ். ஓபனை 15 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதற்காக எல்லோரும் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டியதில்லை. ஜிம் ஃப்யூரிக் என்று ஒருவர். அவர் கிளப் மேலே போகும் வழி ஒன்று, கீழே வரும் வழி வேறு. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பந்தைத் தொடும் கணத்தில் எல்லாம் சரியாக இருக்கும், ஒவ்வொரு முறையும். பயிற்சியாளரான அவருடைய அப்பா அந்த ஸ்விங்கை அப்படியே விட்டுவைத்தார். ஃப்யூரிக் 2003-ல் யு.எஸ். ஓபன் ஜெயித்தார், 2016-ல் ஒரு சுற்றை 58 அடியில் முடித்தார். எதைத் தொடக் கூடாது என்று தெரிவதும் ஆசிரியர் வேலைதான்.

புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஒரு கூடைப் பந்து வாங்கி, இருப்பதிலேயே நீளமான கிளப்பை எடுத்து, கூடை காலியாகும்வரை விளாசுகிறார்கள். வியர்வை வரும், முன்னேற்றம் வராது. ஒரு நாளைக்கு ஒரு திருத்தம், அதுவும் பாதி ஸ்விங்கில், மெதுவாக. கண்ணாடி முன் பந்தே இல்லாமல் சில முறை. பிறகு செல்ஃபோனில் வீடியோ எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுவது. கொஞ்ச நாளைக்கு ஸ்கோர் முன்பைவிட மோசமாகும். பயந்து பழைய ஸ்விங்குக்கு ஓடுபவர்களே அதிகம்.

ஸ்விங்கை மாற்றுவதற்கு முன் ஃபால்டோ ஜெயித்த மேஜர் போட்டிகள் பூஜ்யம். மாற்றிய பிறகு ஆறு. 1986 கடைசியில் அவர் கணக்கைப் பார்த்த யாரும் அந்த ஆறை ஊகித்திருக்க முடியாது. கையில் காய்ப்பும் வெறும் அலமாரியும்தான் அப்போது கண்ணுக்குத் தெரிந்தவை.